எங்கிருந்து அளந்தோம்

"வாயை இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க மேடம்" என்றாள் டாக்டர் நிலோஃபர். மங்கையர்க்கரசி திறந்தாள். திறந்ததுதான் தாமதம், பஞ்சுச் சுருள் இரண்டு, எச்சில் உறிஞ்சுகிற குழாய் ஒன்று, கடித்துவிடாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டை என்று உள்ளே ஒரு குடித்தனமே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்து நாலு வயசு, நீரியல் விஞ்ஞானி, எந்தக் கூட்டத்திலும் எதிராளி முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவன் சொல்லப்போகிற மூன்றாவது வாக்கியத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறவள். அப்பேர்ப்பட்டவளை முக்கால் மணி நேரம் பேசாதே என்று மல்லாக்கப் படுக்கப்போட்ட முதல் ஆள் இந்தத் திருவான்மியூர்ப் பல் டாக்டர்தான். சரி, போகட்டும், முக்கால் மணிதானே. பத்து இருபத்தைந்துக்குப் படுத்தாயிற்று, பதினொன்று பத்துக்கு எழுந்தால் பதினொன்றரைக்குள் டைரக்டர் சோமசேகரைக் கூப்பிட்டு "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லுக்காக டெல்லியில் ஒரு அறிக்கை காத்துக்கொண்டிருக்கிறது, பன்னிரண்டு மணிக்கு வெளியே போக வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் மலைமேல் ஒரு பனி ஏரி, அதன் தண்ணீர் மட்டத்தைச் சீனா குறைத்துச் சொல்லியிருக்கிறது, ஒன்றேகால் மீட்டர் தண்ணீரை மறைத்திருக்கிறது, ஏரிக்குக் கீழே நம் பக்கம் ஆற்றோரம் இருக்கிற பதினோரு ஊருக்கு ஆபத்து என்று அறிக்கை. கணக்கு யாருடையது? மங்கையர்க்கரசியுடையது. அவள் சரி என்றால் சரி. ஏன் மேடம் நேத்தே சொல்லியிருக்கலாமே என்று சோமசேகர் காலையில் கேட்டார், இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன் சார், பல் டாக்டரை முடிச்சுட்டுக் கூப்பிடுறேன் என்றாள். என்ன இருக்கிறது இன்னொரு தடவை பார்க்க? ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, இப்போது வாயே இல்லை.

வேர் சிகிச்சை, பல்லுக்குள் என்னமோ சுரண்டுகிற சத்தம், வலி இல்லை, சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி. மூன்று தடவை பார்த்தாகிவிட்டது, நாலாவது தடவை பார்க்க அவள் என்ன கத்துக்குட்டியா? முப்பது வருஷத்தில் அவள் கொடுத்த கணக்கு ஒன்று தப்பு என்று திரும்பி வந்ததில்லை. இதைத் தலைக்கனம் என்பார்கள், ஆமாம், தலைக்கனம்தான், இருந்துவிட்டுப் போகட்டுமே, கனக்கிற தலையில்தானே ஏதாவது இருக்கும். ஆபீசில் பட்டியல் போட ஆறு பேர் இருக்கிறார்கள், ஒருத்தரையும் நம்பமாட்டாள், ஏரிக் கணக்கை அவளே திறந்து அவளே போட்டு அவளே மூடுவாள். இந்த ஜூலைக் கணக்கும் அப்படித்தான். தூதரகம் வழியாக அவர்கள் அனுப்பிய மட்டத்தைப் போட்டாள், மேலே சுற்றுகிற நம் செயற்கைக்கோள் அளந்ததைப் பக்கத்தில் போட்டாள், இரண்டுக்கும் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். செயற்கைக்கோள் கால் மீட்டர் முன்னே பின்னே சொல்லும், அது அதன் லட்சணம். ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் அது தப்பாது. அப்படியென்றால் கீழே இருக்கிறவர்கள்தான் தப்பு. தப்பா, பொய்யா? டெல்லிக்காரர்கள் பொய் என்றார்கள், அவர்களுக்கு அதைச் சொல்வதில் ஒரு சந்தோஷம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் குறை தெரிந்துவிட்ட மாதிரி. அவள் பேசாமல் இருந்தாள். ஏனென்றால் அந்த ஏரியை அந்தப் பக்கம் அளக்கிறவள் லியூ. லியூ பொய் சொல்வாளா? சொல்லமாட்டாள். அப்படியானால் மட்டம்? மட்டம் ஒன்றேகால் மீட்டர் குறைவு. அப்படியானால் சொல்லியிருக்கிறாள். சொல்லவைத்திருப்பார்கள், மேலிடம், அவள் என்ன செய்வாள் பாவம். பாவமாவது, சொல்லவைத்தால் சொல்லிவிடுவதா? நான் சொல்வேனா? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு மறுபடி லியூ பொய் சொல்வாளா என்கிற முதல் வாசலிலேயே வந்து நிற்கிறது, நேற்று முழுக்க இதுதான், காலையில் ஆட்டோவிலும் இதுதான்.

"கொப்பளிச்சுக்குங்க மேடம்." எழுந்து கொப்பளித்தாள், தண்ணீர் மரத்த உதட்டோரம் வழிந்து கழுத்துக்குப் போயிற்று, உதவிக்கு நிற்கிற எஸ்தரம்மா துடைத்துவிட்டாள். எஸ்தரம்மாவுக்கு இவள் வயசுதான் இருக்கும், இத்தனை வருஷம் எத்தனை வாயைத் துடைத்தாளோ, முகத்தில் ஒரு அசைவு இல்லை. மறுபடி படுக்கை, மறுபடி குடித்தனம். லியூவை முதலில் பார்த்தது காத்மாண்டுவில். இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒரு மூன்றாவது ஊர், இரண்டு பக்கமும் ஐந்தைந்து பேர், நடுவில் நீள மேஜை, மேஜைமேல் இரண்டு குட்டிக் கொடி. குட்டையாக, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடியோடு ஒருத்தி, கையில் எப்போதும் வெந்நீர் குடுவை. முதல் நாளே சண்டை. எதற்கு? பூஜ்யத்துக்கு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், மலைமேல் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏரிக்கு இரண்டு நாட்டு விஞ்ஞானிகள் கடல் மட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்று. ஆனால் உயரம் என்பது எங்கிருந்தோ அளக்கிறதுதானே. நாம் நம் கடலோரத்தில் ஒரு மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மலைக்கு ஏறுகிறோம், அவர்கள் அவர்கள் கடலோரத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். கடல் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. அதனால் அதே ஏரியின் அதே தண்ணீர் அவர்கள் கணக்கில் ஒரு உயரம், நம் கணக்கில் ஒன்றேகால் மீட்டர் குறைச்சல். நம் பூஜ்யத்தில் தா என்றாள் மங்கை, எங்கள் பூஜ்யத்தில்தான் தருவோம் என்றாள் லியூ, மூன்று நாள், கொடி இரண்டும் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் மங்கை பையிலிருந்து சாத்தூர் காரச்சேவைப் பிரித்து மேஜை நடுவே வைத்தாள், லியூ ஒரு கை அள்ளிப் போட்டாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மூக்கு சிவந்துவிட்டது, இன்னொரு கை அள்ளினாள். அடேயப்பா, இவள் நம்ம ஆள் என்று அந்த நிமிஷம் தோன்றியது. சரி, நீ உன் பூஜ்யத்திலேயே கொடு, ஒரு மீட்டர் இருபத்து நாலு சென்டிமீட்டர் ஏழு மில்லிமீட்டர், நான் கழித்துக்கொள்கிறேன், கழிப்பதற்கு எனக்குக் கையில்லையா என்றாள் மங்கை. அன்றிலிருந்து எட்டு வருஷம் அவள்தான் கழிக்கிறாள்.

எட்டு வருஷத்தில் முதல் ஐந்து நன்றாகத்தான் போயிற்று. வருஷத்துக்கு ஒரு கூட்டம், நடுவில் ஈமெயில், ஏரி ஏறினால் லியூ ராத்திரி பகல் பார்க்காமல் எழுதுவாள், இவள் கீழே தகவல் சொல்வாள், ஒன்பது மணி நேரம் முன்கூட்டித் தெரியும். ஒன்பது மணி நேரம் என்றால் சும்மாவா? ஒரு ஊரே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, கிழவன் கிழவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடலாம். ஏறினார்கள். அந்த ஐந்தாவது வருஷ ஆகஸ்டில் பதினோரு ஊரும் ஏறிற்று, ஒரு மாடு மட்டும் போயிற்று, அந்த மாட்டுக்காரி ஆற்று மட்டம் பார்க்க நட்ட அளவுக்கம்பத்தில் துணி உலர்த்துகிறவள், மங்கை ஆய்வுக்குப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு மாட்டைப் பற்றியே அரை மணி நேரம் சொன்னாள், பாஷை புரியவில்லை, மாடு புரிந்தது. பிறகு எல்லையில் தகராறு. வேறெங்கோ மலை, வேறெங்கோ பட்டாளம், ஆனால் ஏரிக்கும் வந்துசேர்ந்தது. கூட்டம் நின்றது. ஈமெயில் கூடாது என்று இங்கே சுற்றறிக்கை, அங்கேயும் அப்படியேதான் வந்திருக்கும். இப்போது மழைக்காலத்தில் மட்டும், பழைய ஒப்பந்தத்தின் பேரில், தூதரகம் வழியாக வெறும் எண் வரும். தேதி, நேரம், மட்டம். கீழே கையெழுத்துக்கூட இருக்காது. அந்த எண்களைத் திறக்கும்போதெல்லாம், லியூ நல்லா இருக்காளா, மூட்டுவலி எப்படி இருக்கு, பையன் படிப்பை முடித்தானா என்று கேட்க வேண்டும்போல இருக்கும். எண்ணிடம் போய் எதைக் கேட்பது? இன்றைக்கு அறிக்கை போனால் அந்த எண்ணும் நின்றுவிடும், பொய்க்காரி என்று பேப்பரில் போட்டுவிட்டு அடுத்த வாரம் கணக்குக் கொடு என்றால் எவர் கொடுப்பார்? நிற்கட்டும், பொய்க் கணக்கு வந்தால் என்ன வராவிட்டால் என்ன, பதினோரு ஊரைப் பொய்யை நம்பித் தூங்கவைப்பதைவிட விழித்திருக்கச் சொல்லலாம். இது நியாயம்தான். நியாயத்தில் ஓட்டையே இல்லை. பிறகு ஏன் நேற்றே சரி என்று சொல்லவில்லை நீ, மங்கையர்க்கரசி, சொல்லு பார்ப்போம்.

கைப்பை நாற்காலியில் உறுமுகிறது, செல்போன் அதற்குள் கிடந்து துடிக்கிறது, சோமசேகராகத்தான் இருக்கும். மணி என்ன? சுவர்க் கடிகாரம் தலைக்குப் பின்னால், திரும்பினால் இந்தப் பெண் அதட்டுவாள். நிலோஃபர் மயிரிழை மாதிரி ஒரு ஊசிக் கம்பியை எடுத்தாள், அதில் ஒரு சின்ன ரப்பர் வளையம், வளையத்தை மேலே கீழே நகர்த்தி ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள். "எஸ்தர்மா, வேரோட நீளம் போன வாரம் என்ன எழுதியிருக்கோம்?" "இருபத்தொண்ணரை மில்லிமீட்டர் டாக்டர்." கம்பி பல்லுக்குள் போயிற்று. மங்கைக்கு மரத்த தாடைக்கும் கீழே, ஆழத்தில், சுருக்கென்று ஒன்று. "உம்ம்" என்றாள். நிலோஃபர் சட்டென்று கையை எடுத்தாள். "சாரி மேடம், சாரி. எஸ்தர்மா, போன வாரம் எந்த முனையிலிருந்து அளந்தோம்?" "வெளிப்பக்கத்து முனைன்னு போட்டிருக்கீங்க." "அந்த முனையைத்தான் போன வாரம் கடைசியில நானே தேய்ச்சு விட்டுட்டேனே, கடிக்கிறப்போ இடிக்குதுன்னு! இப்ப முனையே கீழ வந்துடுச்சு. பழைய நம்பரை அப்படியே வெச்சா கம்பி வேரைத் தாண்டிப் போகாதா? நம்பர் சரிதான், எங்கிருந்து அளந்தோம்கிறதுதான் மாறிப்போச்சு. திரும்ப அளப்போம்." எஸ்தரம்மா பழைய எண்ணை அடித்தாள். மேலே விளக்கு. கூரையில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு பல் கண்ணும் கையும் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நம்பர் சரிதான். எங்கிருந்து அளந்தோம். மங்கைக்கு ஒரு வரிசை எண் கண்முன் ஓடியது, ஜூலைக் கோப்பு, அவர்கள் அனுப்பியது, முதல் வரி, நாலாயிரத்து முன்னூற்றுப் பதினொன்று புள்ளி ஆறு ஒன்று மூணு. மூணு. அடுத்த வரி, புள்ளி ஐந்து ஒன்பது மூணு. அதற்கடுத்தது, புள்ளி ஆறு நாலு மூணு. எல்லாம் மூணில் முடிகிறது. எப்போதும் மூணில்தானே முடியும், எட்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய மூணுதானே. ஐயோ. எப்போதும் மூணில் முடிவது என்னுடைய கணக்கு. அவளுடையது இல்லை.

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. படுத்த வாக்கில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வலிக்குதா மேடம் என்றாள் நிலோஃபர், இல்லை என்று தலையை ஆட்டினாள். லியூவின் கருவி சென்டிமீட்டர் வரைதான் படிக்கும், புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம், அதற்குமேல் ஒரு இலக்கம்கூட வராது. மூன்றாவது இலக்கம் எப்போது வரும்? ஒன்று புள்ளி இரண்டு நாலு ஏழைக் கழித்தால் வரும். பத்தில் ஏழு போனால் மூணு. வருஷா வருஷம் கழித்தது நான், மூணு என் பட்டியலில் வரும். இந்தத் தடவை அவள் அனுப்பும்போதே மூணு. அப்படியென்றால் கழித்தே அனுப்பியிருக்கிறாள். நம் பூஜ்யத்துக்கு மாற்றி, நமக்குத் தோதாக. அதை வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற இந்த மகராசி, மூணைப் பார்த்து ஆகா எல்லாம் வழக்கம்போல என்று இன்னொரு தடவை கழித்திருக்கிறாள்! ஒன்றேகால் மீட்டர். ஒளித்த தண்ணீர் எங்கே போயிற்று என்று டெல்லி முழுக்கத் தேடுகிறார்கள், தண்ணீர் இவளுடைய கழித்தலில் கிடக்கிறது. சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, வயிறு குலுங்கிற்று, வாய் முழுக்கப் பஞ்சை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது, மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. எதிரெதிரே வருகிற இரண்டு பேர் வழி விடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அந்தக் கதை. ஏன் கழித்தாள்? உடனே தெரிந்தது ஏன் என்று. கடைசிக் கூட்டம் முடிந்து காத்மாண்டு விமான நிலையம், இரண்டு பேருக்கும் விமானம் தாமதம், பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில். வருஷா வருஷம் உன் கணக்கைக் கழித்துக் கழித்தே என் ஆயுசு போகுதடி என்று இவள் அலுத்துக்கொண்டாள். லியூ குடுவை மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒருநாள் நானே கழித்து அனுப்புகிறேன், நீ கையைக் கட்டிக்கொண்டு உட்காரு என்றாள். சிரித்தார்கள். மறந்தும் போனாள். அவள் மறக்கவில்லை. கடிதம் போடக்கூடாது, நலமா என்று ஒரு வரி எழுதக்கூடாது, எண் மட்டும்தான் அனுப்பலாம் என்றால் எண்ணிலேயே அனுப்பிவிட்டாள். உட்காரு மங்கை, இந்த வருஷம் நான் கழித்துவிட்டேன். அவளைத்தான் நேற்றிலிருந்து பொய்க்காரியா பொய்க்காரியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு நின்றுபோயிற்று. கண்ணோரம் ஈரம் காதுக்கு ஓடிற்று, எஸ்தரம்மா அதையும் துடைத்தாள்.

பை மறுபடி உறுமியது. மணி என்ன, மணி என்ன? கையைத் தூக்கி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். "பதினொண்ணு அஞ்சு மேடம், இன்னும் கால் மணி நேரம், ஆடாம இருந்தீங்கன்னா." கால் மணி. பன்னிரண்டுக்கு அறிக்கை. இன்னும் சரி சொல்லவில்லை, நல்லவேளை, தெய்வமே, நேற்றே சொல்லியிருந்தால்? ஆனால் அவள் சரி சொல்லாமலே அறிக்கை போய்விடாதா? சோமசேகர் நல்ல மனுஷன்தான், ஆனால் டெல்லி மூன்றாவது தடவை அதட்டினால் மேடம் ஒத்துக்கிட்ட மாதிரிதான் சார் என்று சொல்லிவிடுகிற நல்ல மனுஷன். எழுந்துவிடலாமா, பஞ்சைத் துப்பிவிட்டு? பல் திறந்து கிடக்கிறது, ஆடாதே என்கிறாள். ஆடவில்லை. யோசி. பதற்றப்படுகிறவளா நீ? சொல்ல வேண்டியது என்ன, கணக்கில் தப்பு, அறிக்கையை நிறுத்துங்கள், அவ்வளவுதானே. யார் தப்பு என்று கேட்பார்கள். இங்கேதான் இடிக்கிறது. அவர்கள் சொல்லாமல் பூஜ்யத்தை மாற்றி அனுப்பினார்கள் என்றால் அது உண்மை, கடைந்தெடுத்த உண்மை, தாளில் ஒரு வரி இல்லை, ஒரு குறிப்பு இல்லை. அந்த உண்மையைச் சொன்னால் மங்கையர்க்கரசியின் முப்பது வருஷத்துக்கு ஒரு கீறல் விழாது. லியூவுக்கு? ஏம்மா, அரசாங்கக் கணக்கை யார் உத்தரவில் மாற்றினாய், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு ஏன் இவ்வளவு ஒத்தாசை என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். அங்கே மட்டுமா, இதையே நான் செய்திருந்தால் இங்கேயும் இதே கேள்விதான், இதைவிட மெதுவாகக் கேட்கமாட்டார்கள். அவளுக்கு ஓய்வுக்கு மூணு வருஷம். அவளை ஏரியிலிருந்து தூக்கிவிட்டு வேறொருவனைப் போட்டால் அவன் ராத்திரி எழுந்து மட்டம் பார்ப்பானா? ஒன்பது மணி நேரம், ஒன்பது மணி நேரமாகவே இருக்குமா? சரி, அப்படியென்றால் என் தப்பு என்று சொல். எப்படி? அவள் சொன்னாளே. சொன்னாள்தானே? விமான நிலையத்தில், வெந்நீரோடு, விளையாட்டாக. விளையாட்டா, யார் சொன்னது விளையாட்டு என்று? அவள் செய்துவிட்டாளே. செய்கிறவள் சொல்கிற வார்த்தை விளையாட்டாகுமா? எனக்குத்தான் விளையாட்டு. கூட்டத்துக்கு வந்த இடத்தில், கூட்டத்தின் வேலையைப் பற்றி, எதிர்த் தரப்பு அதிகாரி என்னிடம் நேரிலே சொன்னாள், குறிப்பில் ஏற்ற வேண்டியது நான், ஏற்றவில்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது, தேடிப் பார், இல்லை. அவள் சொன்னாள், நான்தான் எழுதவில்லை. ஆகா, பேசாமல் படுத்திருந்தால் புத்தி இப்படி வேலை செய்யும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் வருஷத்துக்கு ஒரு பல்லைக் கொடுத்திருக்கலாம். வருகிற அடி தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது, மங்கை மேடமே சறுக்கிட்டாங்களாம் என்று ஆபீசில் அந்த ஆறு பேரும் டீக்கடையில் ஒரு மாசத்துக்குப் பேசுவார்கள். பேசட்டும். நான் தாங்குவேன்.

"முடிஞ்சுது மேடம். ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் வேணாம். உதட்டைக் கடிச்சிடாதீங்க, தெரியாது." நாற்காலி எழும்பி நின்றபோது மணி பதினொன்று இருபத்திரண்டு. கைப்பையைத் திறந்தாள், ஆறு அழைப்பு, ஆறும் சோமசேகர். வெளி அறைக்குப் போகக்கூடப் பொறுமை இல்லை, அங்கேயே நின்று கூப்பிட்டாள். "மேடம்! எங்க போயிட்டீங்க, டெல்லியிலேர்ந்து உயிரை வாங்கறாங்க, சரின்னு சொல்லிடவா?" "வேண்டாம் சார். நிறுத்துங்க." உதடு பாதி அவள் பேச்சைக் கேட்கவில்லை, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது, அதுவும் நல்லதுக்குத்தான், மெதுவாகச் சொன்னால் அழுத்தமாக விழும். "ஏரி மட்டம் சரியாத்தான் இருக்கு. யாரும் எதையும் மறைக்கல. பூஜ்யத்தை மாத்துற கணக்கு ரெண்டு தடவை விழுந்துடுச்சு." சோமசேகர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு தடவைன்னா? அவங்க மாத்தி அனுப்பிச்சாங்களா? மேடம், அப்படின்னா அப்படியே சொல்லிடலாம், எங்ககிட்ட சொல்லாம மாத்திட்டாங்கன்னு. அறிக்கை வேணும்னா வேண்டாம், ஆனா பழி அந்தப் பக்கமே போயிடும், உங்க மேல ஒரு துரும்பு விழாது." நல்ல மனுஷன், அவளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். "சொல்லாம மாத்தல சார். சொன்னாங்க. கடைசியா காத்மாண்டு போனப்போ டாக்டர் லியூ என்கிட்ட நேர்லயே சொன்னாங்க, இனிமே நாங்களே கழிச்சு அனுப்புறோம்னு." "மினிட்ஸ்ல இல்லையே மேடம், நான் படிச்சிருக்கேனே." "நான் எழுதல சார்." "நீங்களா? நீங்க எழுதாம விட்டீங்களா?" "விட்டுட்டேன்."

"எழுத்துல குடுக்க வேண்டியிருக்கும்" என்றார் சோமசேகர். "பத்து நிமிஷத்துல வரும்." "விளக்கம் கேப்பாங்க. இனிமே இந்தக் கணக்கு உங்க கையில இருக்காது மேடம். கூட்டம் மறுபடி ஆரம்பிச்சாலும் வேற ஆளைத்தான் அனுப்புவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" அது தைத்தது. மற்றதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தாள், இதை யோசிக்கவில்லை. லியூவை இனிமேல் பார்க்க முடியாது. அந்தக் குடுவை, அந்தக் குட்டை முடி, காரத்தில் சிவந்த மூக்கு, எதையும். ஒரு நிமிஷம் வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று மனசு எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தது, ஒன்றும் திறக்கவில்லை, அவள் திறக்கவும் விரும்பவில்லை. "தெரிஞ்சுதான் சார் சொல்றேன்." வெளி அறையில் வந்து உட்கார்ந்தாள், யாரோ ஒரு குழந்தை ஊசி வேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தது. செல்போனிலேயே அடித்தாள், சுற்றி வளைக்காமல், இந்திய மட்டத்துக்கு மாற்றியே அனுப்புவதாக எதிர்த் தரப்பு எனக்குத் தெரிவித்திருந்தது, அதைக் குறிப்பில் ஏற்றத் தவறியதும் மீண்டும் ஒரு முறை கழித்ததும் நான், பிழை முழுவதும் என்னுடையது, திருத்திய பட்டியல் இணைப்பில். பெயரை முழுசாகப் போட்டாள், பட்டத்தோடு. பட்டியலைத் திறந்து கடைசிப் பத்தியிலிருந்த தன் கழித்தலை அழித்தாள், எண்கள் ஒரு துள்ளு துள்ளி லியூ அனுப்பியபடியே வந்து நின்றன. அனுப்பினாள். பதினொன்று நாற்பத்தொன்றுக்குச் சோமசேகர் ஒரே சொல்லில் பதில் போட்டார், நிறுத்தியாச்சு. சரிபார்த்த பட்டியலை அந்தப் பக்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, யாரும் மதிக்காவிட்டாலும் இன்னும் இருக்கிற வரி, அதன்படி வாரக் கடைசிக்குள் இது தூதரகம் வழியாக லியூவின் மேஜைக்குப் போய்விடும். முப்பத்தோரு நாள், முப்பத்தோரு வரி, எல்லாம் மூணில் முடியும். இந்தப் பக்கம் யாரும் மறுபடி ஒன்றும் கழிக்கவில்லை என்று பார்த்ததும், மங்கை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.